தூரத்திலிருந்து வரும் கணக்கு

மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவர்களுக்கு 555 புத்தகத்தைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பைக்குள் அடங்கும் அந்தச் சிறு நோட்டில்தான் தோட்டத்து ஜனங்களின் அரிசியும் பருப்பும் கருவாடும் சம்பள நாள் வரை கடனாக எழுதப்பட்டு வந்தன. சுங்கை காடுட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்குப் பக்கத்தில் தொழிற்பேட்டையும் வந்துவிட்டது, வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன, ரயில் நிலையமும் புதிதாகிவிட்டது. ஆனால் அந்தச் சிறு புத்தகம் இன்னும் கடைகளில் விலைக்குக் கிடைக்கிறது.

2020-ஆம் ஆண்டின் நோய்த்தொற்றுக் காலத்தில் அப்படியொரு 555 புத்தகம் வேறொரு கணக்கைச் சுமந்தது. நம் சகோதரர் ஒருவரின் மகனுக்கு அப்போது வயது பதினான்கு. முதல் வகை நீரிழிவுக்காரன். தன் இரத்தத்தின் சர்க்கரை அளவை நாளுக்கு நான்கு முறை அந்தப் புத்தகத்தில் எழுதி, வாரம் ஒரு முறை படம் எடுத்து, ஆஸ்பத்திரித் தாதிக்கு அனுப்பி வந்தான். அந்தக் கணக்கில் ஒரு பகுதி பொய். பெயரையும் வீட்டையும் குறிப்பிடாமல் எழுதலாம் என்று அக்குடும்பத்தார் சம்மதித்ததால், அந்தப் பொய்யை முன்வைத்து ஒரு கேள்வியை நம் வாசகர்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறோம். தூரத்தில் இருப்பவருக்குப் போகும் கணக்கு உண்மையாக இருப்பதற்கு யார் பொறுப்பு? எழுதுகிறவன் மட்டுமா, வாசிக்கிறவருக்கும் அதில் பங்கு உண்டா?

முதலில் வியாதியைப் பற்றிச் சிறிது சொல்லிவிட வேண்டும். நம் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ என்றால் அது பெரியவர்களின் சொத்து. மலேசியாவில் 2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வு, பதினெட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்திய வம்சாவளியினரை மட்டும் எடுத்துப் பார்த்தபோது அது 31.4 ஆக இருந்தது. 2023 ஆய்வில் நாட்டு விகிதம் 15.6 ஆக இறங்கியிருக்கிறது; அதற்காக நம் வீடுகளில் மாத்திரைப் பெட்டிகள் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை. இப்படி எல்லா வீட்டிலும் இருக்கிற வியாதி என்பதாலேயே எல்லாரும் வைத்தியராகி விடுகிறோம். “சோற்றைக் குறை, நட, வெந்தயம் தின்னு” என்று பெரியவர் தமக்குச் சொல்லப்பட்டதைப் பிள்ளைக்கும் சொல்கிறார்.

பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் அதுவன்று. இக்காலத்தில் உடல் பருத்த இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை வருகிறது என்பது மெய்தான். ஆனால் சிறு வயதில் திடீரெனத் தோன்றும் முதல் வகையில், உடம்பின் காவற்படையே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. தின்றதற்குத் தண்டனையாக வந்ததன்று அது. நடையும் வெந்தயமும் அதற்கு மருந்தாகா. வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தாவிட்டால் உடம்பு கொழுப்பை எரித்து, இரத்தத்தில் அமிலம் சேர்ந்து, சில நாளில் உயிருக்கே ஆபத்தாகும். 1922 ஜனவரி 11-இல் கனடாவின் டொராண்டோ நகரில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற சிறுவனுக்கு முதன்முதலில் இன்சுலின் ஊசி போட்டார்கள். அவனுக்கும் வயது பதினான்குதான். முதல் மருந்து போதிய சுத்தமில்லாததால் பலன் தரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துச் சுத்திகரித்த மருந்து வேலை செய்தது. சாகக் கிடந்த பையன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் அதன் உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வியாபாரிகளாகிய நாம் அந்த விற்பனையைப் பற்றி ஒரு நாள் தனியே உட்கார்ந்து பேச வேண்டும்.

ஊசி இருக்கிறது என்பதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வேளைக்கும் முன்பு விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைப் பட்டையில் தொட்டு, கருவி காட்டும் எண்ணைப் பார்க்க வேண்டும். இங்கே அந்த எண்ணை மில்லிமோலில் சொல்கிறார்கள், தமிழ்நாட்டில் மில்லிகிராமில். நாணய மாற்றுப் போல 18-ஆல் பெருக்கிக்கொண்டால் சரியாகிவிடும். இங்கே 10 என்பது அங்கே 180. சாப்பாட்டுக்கு முன் 4-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் நலம். எண்ணையும் தட்டில் உள்ள சோற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு எத்தனை யூனிட் போடுவது என்று தீர்மானிக்க வேண்டும். கூடிப்போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம். குறைந்துபோனால் உயர்ந்து நஞ்சு. பெரியவர்களே தடுமாறும் இந்தக் கணக்கை ஒரு பள்ளிப் பிள்ளை நாளுக்கு நான்கு முறை போடுகிறான்.

நிற்க. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. குடும்பத்தில் ஒருவர் போய், பத்து கிலோமீட்டருக்குள் சாமான் வாங்கித் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடமும் மூடியது, பள்ளிவாசலும் மூடியது. நம் உணவுக் கடைகளில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, ‘புங்குஸ்’ மட்டும் என்று எழுதி ஒட்டினோம். அவசரமில்லாத நோயாளிகளின் ஆஸ்பத்திரி நாட்கள் தள்ளிப் போடப்பட்டன. நம் பையனுக்கு மே மாதம் வர வேண்டிய நாள் தள்ளிப்போயிற்று. ஒரு தாதி, நாம் வழக்கமாகச் சொல்வதுபோல் ஒரு ‘மிஸ்ஸி’, தொலைபேசியில் அழைத்து, சனிக்கிழமைதோறும் கணக்கை அனுப்பச் சொன்னார். இன்சுலின் குளிரில் இருக்க வேண்டிய பொருளாதலால் தந்தையே ஐஸ் பெட்டியோடு போய் வாங்கி வந்தார். மற்றதெல்லாம் தொலைபேசி வழியேதான்.

உலகமெங்கும் அந்த வாரங்களில் இதுவே நடந்தது. இந்தியாவில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டி விதிகள் 2020 மார்ச் 25-இல், ஊரடங்கு தொடங்கிய அதே நாளில், வெளியாயின. அதுவரை தொலைபேசியில் வைத்தியம் சொல்லலாமா என்பதற்கே அங்கே தெளிவான விதி கிடையாது. மலேசிய மருத்துவ மன்றமும் அக்காலத்துக்கென்று ஓர் ஆலோசனைக் குறிப்பு வெளியிட்டது. இத்தாலியில் முதல் வகைக்காரர்களைத் தூரத்திலிருந்து கவனித்த மருத்துவர் சிலர், அடைந்து கிடந்த வாரங்களில் சர்க்கரைக் கட்டுப்பாடு கெடவில்லை, சிலருக்குச் சற்றுச் சீர்பட்டது என்றே எழுதினார்கள். யாரும் கவனிக்காமல் விடப்பட்டால் என்னவாகும் என்பதை ஜெர்மனி காட்டியது. அங்கே 2020 மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை புதிதாக முதல் வகை கண்டுபிடிக்கப்பட்ட சிறுவர்கள், இளைஞர்கள் 532 பேரில் 238 பேர், அதாவது நூற்றுக்கு 44.7 பேர், அமிலம் சேர்ந்த நிலையில்தான் வந்து சேர்ந்தார்கள். முந்திய ஆண்டு அதே மாதங்களில் அது 24.5 ஆக இருந்தது. தொற்றுக்கு அஞ்சி ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கியதும் அதற்கு ஒரு காரணம் என்று கருதப்பட்டது. ஆகவே தொலைபேசியில் கவனித்த அந்த மிஸ்ஸியைப் போன்றவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களே.

எனினும் நேரில் பார்க்கும் வைத்தியருக்குத் தெரிகிற பல விஷயங்கள் தூரத்தில் இருப்பவருக்குத் தெரியமாட்டா. பிள்ளையின் கழுத்தெலும்பு துருத்துவது தெரியாது. ஊசி போட்டுப் போட்டு வயிற்றில் தடித்த இடம் தெரியாது. அமிலம் ஏறும்போது வாயில் எழும் பழ வாடை தெரியவே தெரியாது. எண்கள் மட்டும்தான் போய்ச் சேருகின்றன. எண் பொய்யானால் வைத்தியமும் பொய்யாகிவிடுகிறது.

சுங்கை காடுட் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். அதுவரை பையனின் கணக்கைப் பார்த்து வந்தவர் தாயார். தந்தை காலை ஐந்தரைக்குக் கடை திறந்து இரவு பத்துக்குத் திரும்புகிறவர். ஆணை வந்த பிறகு மாலையே கடையடைப்பு. பல ஆண்டுகளில் முதல் முறையாக வீட்டில் உட்கார நேரம் கிடைத்தது. மகனின் புத்தகத்தையும் கையில் எடுத்தார். இஷா தொழுகைக்குப் பிறகு தினமும் தணிக்கை. 6, 7 என்றிருந்தால் “சரி” என்று ஒரு சொல். 13 என்றிருந்தால் விசாரணை. “என்னத்தைத் தின்னே? யார் குடுத்தது?” அடுத்து தாயார் பக்கம் திரும்பி, “நீ குடுக்குற செல்லம்.” ஒரு நாள் 15.4 என்றிருந்தது. பிஸ்கட் டின்னைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு இரண்டு நாள் மகனோடு பேசவில்லை. இவரைக் கொடியவர் என்று எண்ணிவிட வேண்டாம். இவருடைய தகப்பனார் இதே வியாதியில் காலை இழந்து, அந்த வேதனையிலேயே மௌத்தானவர். இவருடைய கோபத்துக்கு உள்ளே இருந்தது அந்த நினைவு.

ஏப்ரல் நடுவிலிருந்து புத்தகம் அழகாகிவிட்டது. 6.4, 7.1, 6.8, 5.9, 7.0. வரிசையாக, ஒரே பேனாவில், ஒரே சாய்வில். தந்தை மகிழ்ந்தார். மிஸ்ஸியும் மகிழ்ந்து, மருந்தளவைக் கூட்ட வேண்டியதில்லை என்றார்.

நாம் ஒன்று கேட்கிறோம். எந்தக் கடைக் கணக்காவது இப்படி வந்தால் நம்மில் யார் நம்புவோம்? மழை நாளும் சம்பள நாளும் ஒரே விற்பனை காட்டுகிற சிட்டையைப் பார்த்தால், கல்லாவில் இருப்பவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட மாட்டோமா? மெய்யான கணக்கில் அடித்தல் இருக்கும், திருத்தல் இருக்கும், தேநீர்க் கறை இருக்கும். முப்பது ஆண்டு வியாபாரம் செய்த அந்தத் தந்தைக்கு இது தெரியாததா? தெரியும். ஆனால் தாம் காண விரும்பிய எண் எதிரே வந்து நின்றபோது அவர் வியாபாரியாக அதைப் பார்க்கவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரல் 24-இல் நோன்பு தொடங்கியது. மருத்துவர் பையனை நோன்பு வைக்க வேண்டாமென்று முன்னரே சொல்லியிருந்தார். முதல் வகைக்காரர்கள் பலர் ஆபத்து மிகுந்தவர்கள் வரிசையில் வைக்கப்படுகிறார்கள். அப்படியும் நோன்பு வைத்தவர், சர்க்கரை 3.9-க்குக் கீழே இறங்கினாலோ 16.7-க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பை முறிக்க வேண்டும் என்பது நிபுணர்களின் வழிகாட்டுதல். நோயாளிக்குத் திருமறையே சலுகை தந்திருக்கிறது. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறிவதில்லை என்றும் ஆலிம்கள் தெளிவாக்கியுள்ளனர். இதெல்லாம் வீட்டாருக்கும் தெரியும். ஆனால் வீடே நோன்பிருக்க, நண்பகலில் அடுப்பங்கரையில் தனியே உட்கார்ந்து உண்ணும் பிள்ளையின் மனத்தை யார் பார்த்தார்கள்? பெரியத்தா தொலைபேசியில் “நோன்புதானே?” என்று கேட்டபோது, “ஆமா, பெரியத்தா” என்று சொல்லிவிட்டான். அன்றிலிருந்து நண்பகல் சாப்பாட்டைப் பாதி நாள் விட்டுவிட்டான். சாப்பிடாதபோது அதற்குரிய ஊசியும் இல்லை. விரலில் குத்துவதும் இல்லை. மாலையில் எல்லாரோடும் உட்கார்ந்து கஞ்சியும் வடையும் பேரீச்சம்பழமும் ரோஸ் சர்பத்தும். இரவுத் தணிக்கைக்கு எண் வேண்டுமே? எழுதிக்கொண்டான்.

ஜூன் மாதம் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனை ஒன்று உண்டு. அதை ஐந்தொகை என்றே வைத்துக்கொள்ளலாம். சிட்டையில் என்ன எழுதினாலும் ஐந்தொகை தப்பாது. 7-க்குள் இருக்க வேண்டியது 11.2 என்று வந்தது. மிஸ்ஸி கருவியை வாங்கி அதன் நினைவுப் பொத்தானை அழுத்தினார். பல நாட்களுக்கு ஒரு சோதனையும் பதிவாகவில்லை. தந்தை எழுந்து கையை ஓங்கிவிட்டார். அந்த மலாய்ப் பெண்மணி குரலை உயர்த்தாமல் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாராம்: “பதினைந்து என்று எழுதியிருந்த அன்று நீங்கள் என்ன செய்தீர்கள்?”

இதைத் தந்தையே நம்மிடம் சொன்னார். தம்மால் பதில் சொல்ல முடியவில்லை என்றும் சொன்னார்.

அந்தக் கேள்வி நம்மவர்களுக்குப் புதியதன்று. நம் பாட்டன்மார் காலத்தில் கடை இங்கே, குடும்பம் அங்கே. முதலாளி நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கில் இறங்கிச் சிரம்பான் வந்து, இரண்டு மூன்று வருஷம் கடை பார்த்துவிட்டு ஊர் திரும்புவார். அவர் ஊரிலிருக்கும் காலத்தில் கூட்டாளியோ மருமகனோ கடையை நடத்தி, மாதம் ஒரு கடிதமும் கணக்கும் தபாலில் அனுப்புவார்கள். சரக்கு இருப்பு இவ்வளவு, வர வேண்டியது இவ்வளவு, கைவிட்டுப்போன கடன் இவ்வளவு. கடிதம் ஊர் போய்ச் சேரவே வாரங்கள் ஆகும். முதலாளி கடையைப் பார்க்க மாட்டார், தாளைத்தான் பார்ப்பார். தொலைமருத்துவம் இன்றைக்கு வந்திருக்கலாம். தூரத்திலிருந்து ஓர் உயிரைப் பராமரிக்கும் வித்தையை நம் முன்னோர் கடை விஷயத்தில் அறிந்தே இருந்தார்கள்.

அம்முதலாளிமாரில் இரண்டு விதத்தாரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒருவர், நஷ்டம் என்று கடிதம் வந்தால் பதிலில் நெருப்பை அள்ளிக் கொட்டுவார். ஊரிலிருக்கும் மருமகனின் தாயாரைக் கூப்பிட்டுக் கேவலமாகப் பேசுவார். அவருக்கு அதன்பின் நல்ல கடிதங்களே வரும். வாராக்கடனெல்லாம் வரவேண்டிய கடனாகவே எழுதப்பட்டிருக்கும். பூச்சி விழுந்த அரிசி நல்ல இருப்பாக நிற்கும். இரண்டு வருஷம் கழித்து வந்து கதவைத் திறந்தால் கடை இராது, பெயர்ப் பலகை இருக்கும். மற்றவர், நஷ்டக் கடிதம் வந்தால் முதலில் எழுதுவது, “தெரிவித்ததற்குச் சந்தோஷம், எந்தத் தோட்டத்தில் நின்றுபோயிற்று, கிராணியைப் பார்த்தாயா?” என்பது. இவருக்கும் கோபம் வராமலில்லை. அந்தக் கோபத்தைத் திண்ணையிலேயே வைத்துவிட்டுக் கடிதம் எழுத உட்காருவார். அவருக்குக் கெட்ட செய்தி வேளையோடு வந்து சேரும்; வேளையோடு வந்ததால் வைத்தியமும் இருக்கும்.

திருமறையிலேயே மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று கேட்டால் வியாபாரிகளாகிய நாம் மறக்காமல் சொல்லிவிடுவோம். அல்பகரா அத்தியாயத்தில் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுகிறவர் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும், சிறியதோ பெரியதோ சோம்பாமல் எழுத வேண்டும். இவற்றையெல்லாம் நாம் மேடையில் பேசியிருக்கிறோம். அதே வசனத்தின் பிற்பகுதியில், எழுதுகிறவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்ற கட்டளையும் இருக்கிறது. இதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. நீரிழிவுள்ள பிள்ளை தன் உடம்பைப் பற்றி எழுதும்போது எழுத்தரும் அவனே, சாட்சியும் அவனே. அவன் எழுதிய எண்ணுக்காக அவனை வருத்தினால் நாம் அந்தக் கட்டளையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உடனே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டியதே. “அப்படியானால் பொய் சொன்ன பையன் குற்றவாளி இல்லையா? அளவில் மோசம் செய்பவர்களைப் பற்றித் திருமறையில் தனி அத்தியாயமே இருக்கிறதே?” இருக்கிறது. பையன் செய்தது தவறு என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அந்தத் தவறு அவன் உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கும். எண்கள் நல்லவையாகத் தெரிந்ததால்தான் மருந்தளவு கூட்டப்படாமல் நின்றது. நல்ல எண்களை இன்னும் சற்றுத் தாழ்த்தி எழுதியிருந்தால் இருக்கிற மருந்தையும் குறைத்திருப்பார்கள். ஆகவே அவன் பங்கு அவனுக்கு. ஆனால் மோசடி அளவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கடைக்காரன் தராசைத் தட்டினால் லாபம் அவனுக்கு, நஷ்டம் பிறருக்கு. இவனோ தன் உடம்பையே நஷ்டப்படுத்தி, தகப்பனாருக்கு ஓரிரவு நிம்மதியையும் தனக்கு ஓரிரவு மௌனத்தையும் வாங்கினான். அவ்வளவு விலை கொடுத்து ஒரு பிள்ளை மௌனத்தை வாங்குகிற வீட்டில், அதற்கு விலையேற்றியவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. “பயம் இல்லாமல் பிள்ளை எப்படி ஒழுங்காக இருப்பான்? கண்டிக்காத தகப்பன் ஒரு தகப்பனா?” நாமும் கண்டிப்பில் வளர்ந்தவர்கள்தாம், கண்டிப்பே கூடாதென்று நாம் சொல்லவில்லை. கண்டிப்புக்கு உரியது எது என்பதுதான் கேள்வி. சோதிக்காமல் விட்டால் கண்டிக்கலாம். ஊசியை வேண்டுமென்றே தவிர்த்தால் கண்டிக்கலாம். எண்ணைக் கண்டிப்பது வேறு விஷயம். பருவ வயதில் வளர்ச்சிக்கான சுரப்புகள் இன்சுலினை எதிர்த்து நிற்கும். அதே சோறு, அதே ஊசி, சென்ற ஆண்டைவிட எண் கூடும். விடியற்காலையில் சுரப்புகள் எழும்புவதால், இரவு நன்றாக இருந்த சர்க்கரை காலையில் தானே ஏறி நிற்கும். ஜலதோஷம் வந்தால் ஏறும், பரீட்சை பயத்தில் ஏறும், “இன்றிரவு அத்தா பார்ப்பாரே” என்ற பயத்திலும் ஏறலாம். பையன் களவாகப் பிஸ்கட் தின்றதுதான் காரணம் என்று எண்ணை வைத்துத் தீர்ப்பளிப்பது, கப்பல் தாமதித்ததற்குக் கல்லாப் பையனை அடிப்பது போன்றது. 15.4 வந்த அன்று அவன் ஒன்றும் தின்னவில்லை என்றும், தொண்டை வலி தொடங்கியிருந்தது என்றும் தாயார் பிறகு நினைவுகூர்ந்தார். அன்றைக்கு யாரும் அவரைக் கேட்கவில்லை.

“இதற்கெல்லாம் இப்போது கருவி வந்துவிட்டதே, பொய்யே எழுத முடியாதே” என்பார் சிலர். வந்திருக்கிறது. கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் சில நிமிஷத்துக்கு ஒரு முறை சர்க்கரையைப் பார்த்துக் கைபேசிக்கு அனுப்புகிறது. பிள்ளை சிரம்பானில் பள்ளியில் இருக்க, தகப்பனார் கல்லாவில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். விலை எல்லாருக்கும் கட்டுபடியாகாது என்பது ஒரு புறம். கருவி கண்காணிப்பதால் மட்டும் உண்மை பிறந்துவிடாது என்பதற்கு ஒரு பழைய சான்றும் உண்டு. 1984-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நினைவுத் தகடு பொருத்திய சோதனைக் கருவிகளை நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். நினைவுத் தகடு இருப்பதைச் சொல்லவில்லை. அவர்கள் கையால் எழுதிய கணக்கையும் கருவியின் கணக்கையும் ஒப்பிட்டபோது பலருக்கு ஒத்துப்போகவில்லை. இந்த ஆய்வு நமக்கு இரண்டைக் காட்டுகிறது. அவர்கள் நம் பையனைப் போலப் பிள்ளைகளாயிருந்தாலும் இல்லாவிட்டாலும், கெட்ட எண்ணை ஒளிக்கும் ஆசை மனிதர்களுக்குப் பொதுவானது. அன்றியும், சொல்லாமல் வைத்துப் பார்த்த அந்த நினைவுத் தகடு நமக்கு உவப்பாக இல்லை. பிறர் குற்றங்களைத் துருவி ஆராய்வதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. பிள்ளையின் உயிரைக் காப்பது ஆராய்ச்சியாகாது என்று வாதிக்கலாம். பிள்ளை அறிந்து, ஒப்பி, ஆபத்து வேளைக்கென்று கருவியை ஒட்டிக்கொண்டால் நாம் அதற்கு விரோதியல்ல. ஆனால் திட்டுகிற தகப்பனின் கையில் அந்தச் சென்சார், இரவு ஒரு முறை நடந்த தணிக்கையை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஆக்கிவிடும். அப்போது பிள்ளை கைபேசியை அணைத்து வைக்கக் கற்றுக்கொள்வான்.

ஆகையால் நம் அபிப்பிராயம் இதுதான். தூரத்திலிருந்து வரும் கணக்கில் பொய் கலந்தால் எழுதியவனைக் கேட்பதற்கு முன்னால் வாசித்தவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கெட்ட எண்ணைக் கொண்டுவந்தவனுக்கு அன்றிரவு வீட்டில் என்ன நடந்தது? மருத்துவர், தாதி, தகப்பனார், பெரியத்தா எல்லாரும் வாசகர்களே, “நோன்புதானே?” என்ற கேள்வியைக்கூட ஒரு பதிலை மட்டும் எதிர்பார்த்துக் கேட்டோமானால் நாமும் அதில் சேர்ந்துவிடுகிறோம்.

இதில் ஜமாஅத்துக்கும் ஒரு வேலை இருக்கிறதென்று தோன்றுகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் சொற்பம். ஆனால் சோதனைப் பட்டைகளைப் பல குடும்பங்கள் கைக்காசில்தான் வாங்குகின்றன. நாளுக்கு நான்கு பட்டை என்றால் மாதத்துக்கு நூற்றிருபது. பட்டை தீர்ந்துபோனதைச் சொல்ல வெட்கப்பட்டு எண்ணை ஊகித்து எழுதுகிற பிள்ளையும் எங்கோ இருக்கலாம். கந்தூரிச் செலவில் ஒரு பங்கு அங்கே போனால் வலிமார் கோபிக்க மாட்டார்கள்.

அந்தப் பையன் இப்போது வாலிபன். கோலாலம்பூரில் படிக்கிறான், விடுதியில் இருக்கிறான். தந்தை மறுபடி காலை ஐந்தரைக்குக் கடை திறக்கிறார். எண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்று யாரும் அவனைக் கேட்கவில்லை. காலையில் ஒன்றை மட்டும் அவனாகவே தந்தைக்கு அனுப்புகிறான். சென்ற மாதம் ஒரு நாள் 17.8 என்று வந்தது. கடையில் கூட்டம். படித்துவிட்டுக் கைபேசியைக் கல்லாமேல் கவிழ்த்து வைத்தாராம். இரண்டு பேருக்குச் சாமான் கட்டிக் கொடுத்தாராம். பிறகு எடுத்து, “சொன்னது நல்லது. தண்ணி குடி. கீட்டோன் பாத்தியா?” என்று எழுதினார். பார்த்துவிட்டேன், இல்லை, ஊசி போட்டாயிற்று என்று பதில் வந்தது; அதற்குக் கீழே, நேற்றிரவு கூட்டாளிகளோடு ரொட்டிச் சானாயும் இரண்டு தே தாரிக்கும் என்று அவன் தானாகவே எழுதியிருந்தான்.